மச்சினனும் ஹெட்போன் முனையும்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் முடிவெடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவருடைய முடிவு ஒன்று மூன்று நாள் உயிரோடு இருந்தது இதுவே முதல் தடவை. மச்சினன் வந்து ஒரு மாதம் தங்கக் கூடாது. போன தடவை அவன் வந்தபோது அவருடைய அறை, கட்டில், ஷேவிங் பிரஷ் எல்லாம் அவனுடையதாகிவிட்டன. மனிதர் முப்பது நாள் ஹால் சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார்.

நாலாம் நாள் காலை, குளிக்கக் கிளம்பிய மனைவி போகிறபோக்கில் சொன்னாள்.

"ஏங்க, என் லேப்டாப்ல இருக்கற ஹெட்போனைக் கொஞ்சம் கழட்டி வைங்க. பதினோரு மணிக்கு மீட்டிங். மெதுவா இழுங்க, உங்க கை இரும்புக் கை."

மெதுவாகத்தான் இழுத்தார். பூப்போல வந்தது. முனை மட்டும் வரவில்லை.

பாட்டு போட்டுப் பார்த்தார். மூச்சு பேச்சில்லை. ஹெட்போன் இன்னும் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு லேப்டாப் வாயை மூடிக்கொண்டிருந்தது. குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் எடுத்தாக வேண்டும். ஊசியால் நெம்பினார், முனை இன்னும் உள்ளே போனது. புருவம் எடுக்கும் இடுக்கி துளைக்குள் நுழையவே இல்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போய்த் திரும்பினார். கடைசியில் பேனா ரீஃபில் நுனியில் பசை தடவி உள்ளே விட்டு, நூறு வரை எண்ணி இழுத்தார். அருமையான பசை. ரீஃபிலும் அங்கேயே குடியேறிவிட்டது.

தண்ணீர் நின்றது.

"என்னங்க இது, லேப்டாப்புக்குக் கொம்பு முளைச்சிருக்கு?"

"அது... அதுவா ஒடிஞ்சிருச்சு."

"அதுவா ஒடியுமா? ஆபீஸ் லேப்டாப்புங்க! மேனேஜர்கிட்ட நான் ஜாடையிலயா பேசறது?"

"கோச்சுக்காத. இப்பவே கடைக்கு ஓடறேன்."

அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அதுதான் பயம். "இந்த வீட்ல எனக்குன்னு யாரு இருக்கா?" என்றாள்.

"ஏன், உன் தம்பி இருக்கான்ல? வரச் சொல்லேன்!" வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"வேணாங்க. உங்களுக்குப் பிடிக்காது."

"யாரு சொன்னா? அவன்னா எனக்கு உசிரு!"

"ஒரு மாசம் இருப்பான்."

"ரெண்டு மாசம் இருக்கட்டுமே!"

"அப்ப நீங்களே போன்ல கூப்பிட்டுடுங்க. அதுதான் மரியாதை."

கூப்பிட்டார். தன் அறையைத் தன் வாயாலேயே தாரைவார்த்தார். ஆனாலும் தப்பித்தோமே என்று லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருமுனை ரிப்பேர் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். "இந்த ரீஃபில் எப்ப வந்துச்சு சார்? நேத்து இல்லையே."

"நேத்தா?"

"உங்க வீட்டம்மா கொண்டு வந்தாங்களே. முனை உள்ளயே ஒடிஞ்சிருக்கு, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்னேன். அவங்கதான், 'இன்னைக்கு வேணாம், வெளித்துண்டு விழாம நிக்கற மாதிரி சொருகி மட்டும் குடுங்க, நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்காரரு ஓடி வருவாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."