சுவரை மட்டும்தான் தொட்டேன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நால்வரும், ஐந்து பெட்டிகளும், வெளிநாட்டுச் சுற்றுலா முடிந்து யாதொரு சேதமுமின்றி முந்தாநாள் வீடு வந்து சேர்ந்தோம். தங்கள் முழங்கால் இப்போது தேவலையா? தாங்களும் சம்பந்தியம்மாளும் கூட வரவில்லையே என்று பதினோரு நாள் வருத்தப்பட்டேன். பன்னிரண்டாம் நாள் மட்டும், வராமல் இருந்ததே நல்லது என்று நிம்மதியடைந்தேன். அந்தப் பன்னிரண்டாம் நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் தாங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், எனக்குக் கோபம் வரும், சம்பந்திகளுக்குள் அதெல்லாம் எதற்கு? தவிரவும், ஞாயிற்றுக்கிழமை வரை இங்கே தங்கிவிட்டு மாப்பிள்ளையும் என் மகளும் அங்கே வருகிறார்கள். என் மகள் எதையும் நடித்துக் காட்டியே சொல்லக்கூடியவள் என்பது இந்த எட்டு மாதத்தில் தங்களுக்கே தெரிந்திருக்கும். அவள் வந்து சேருமுன் உண்மை தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

தங்கள் மகன் தங்கமான பிள்ளை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் பல் மருத்துவர் என்பதாலோ என்னவோ, அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பாரே தவிரத் தன் வாயை அதிகம் திறப்பதில்லை. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியும் என்னை அவர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமா என்று வரவில்லை, போகட்டும், சார் என்றாவது வரலாமே? "இங்க பாருங்க" என்பார். நான் முதுகைக் காட்டி நின்றால் தொண்டையைச் செருமுவார். நான் ஏணி மேல் நின்று சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்து, பிறகு பத்து ஆட்களை வைத்துக் கான்ட்ராக்ட் எடுத்த ஆள். படித்த பிள்ளைக்கு என்னை மாமா என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறதோ என்று மனசுக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. எப்படியாவது இந்தப் பயணத்தில் அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும் என்றுதான் விமானமே ஏறினேன். அதற்காகப் பதினோரு நாளும் பஸ்ஸில் தூங்காமல், ஹோட்டல் சுவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல், அப்படியொரு நல்ல பிள்ளையாக இருந்தேன்.

கடைசி நாள், மாலை ஏழு மணிக்கு விமானம். கடைக்குப் போகலாம் என்றாள் என் மனைவி. மாப்பிள்ளை தொண்டையைச் செருமிவிட்டு, "ரெண்டே ரெண்டு ஓவிய மியூசியம் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றார். அவர் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான், எப்படி மறுப்பது? முதல் மியூசியத்தில் எல்லாம் பழங்காலத்துப் படங்கள். ஒவ்வொன்றும் நம் கல்யாண மண்டபத்து மேடை அளவு. என் மனைவி ஆறு அறை வரை தாக்குப்பிடித்தாள். "இத்தனை பேரை வரைஞ்சிருக்காங்களே, ஒருத்தர் மூஞ்சியிலயாவது சிரிப்பு இருக்கா பாருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் உட்காரவில்லை. ஏனென்றால் அந்தச் சுவர்கள்! பட்டி பார்த்திருந்த நேர்த்தி என்ன, மூலைகளில் பிரஷ் பிடித்திருந்த சுத்தம் என்ன! இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு அலை இல்லை, ஒரு திட்டு இல்லை. நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கிட்டப் போய், எட்டி வந்து, தலையைச் சாய்த்து ஒவ்வொரு அறையிலும் பத்து நிமிடம் நின்றேன். படம் குறுக்கே இருந்ததால் படத்தைப் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை நினைத்துவிட்டார். "உங்கப்பாவுக்கு இவ்வளவு ரசனை இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே" என்று என் மகளிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

இரண்டாவது மியூசியம் புதுமாதிரி ஓவியங்களுக்கானது. அங்கே ஓர் அறையில் ஒரே ஒரு படம், முழுக்க நீலம். ஆள் இல்லை, மரம் இல்லை, ஒரு பறவை கூட இல்லை. ரோலர் போன தடம் எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரே கோட், அதுவும் காயாத ப்ரைமர் மேல். என்னிடம் வேலை பார்க்கும் ஆள் இப்படி அடித்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, "எப்படி இருக்கு?" என்றார். "அடியில உள்ளது சரியில்ல, மேல உள்ளது நிக்காது" என்றேன். அவர் கண் விரிந்துவிட்டது. "அதையேதான் இந்த ஓவியர் சொல்ல வர்றார்னு பக்கத்து அட்டையில எழுதியிருக்காங்க!" என்றார். நான் அடக்கமாகத் தலையசைத்தேன்.

அத்தோடு நகர்ந்திருக்கலாம், விதி யாரை விட்டது. படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கொப்புளம். சுவருக்குள் ஓதம், சம்பந்தி! உள்ளே எங்கோ குழாய் கசிந்து தண்ணீர் சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது. கண்ணெதிரே ஒரு சுவர் சாகும்போது நான் ரசனை உள்ளவன் மாதிரி நின்றுகொண்டிருக்க முடியுமா? குனிந்து விரல் முட்டியால் தட்டினேன். பொத்துப் பொத்தென்று சத்தம். காதை வைத்துக் கேட்கலாம் என்று சாய்ந்தேன், கூரையில் அபாயமணி அலறியது. காவல் இருந்த அம்மாள் ஓடி வந்தாள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. ஆகவே நான் சுவரைக் காட்டி, பத்து விரலையும் ஆட்டித் தண்ணீர் இறங்குவது போலச் செய்து காட்டினேன். அவள் முகம் இரக்கத்தில் கனிந்தது. என் முழங்கையைப் பிடித்துக் கழிவறை வாசலில் கொண்டுபோய் விட்டாள். மரியாதைக்காக உள்ளே போய்விட்டு வந்து மறுபடியும் தட்டினேன், மறுபடியும் மணி. இம்முறை இரண்டு தடியர்கள் வந்தார்கள்.

ஒரு சின்ன அறை, ஒரு மேசை, எதிரே ஓர் அதிகாரி. என் மகள், "அப்பா, ஏழு மணிக்கு ஃப்ளைட்டுப்பா" என்று கண்ணைக் கசக்கினாள். "சுவத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? நம்ம வீட்டுல இல்லாத சுவரா?" என்றாள் என் மனைவி. போச்சு, இனி சாகும்வரை "இங்க பாருங்க"தான் என்று நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். படத்தைத் தொட்டேனா என்பதுதான் அதிகாரியின் கேள்வி. அப்போது மாப்பிள்ளை எழுந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார். என் மகள் மெதுவாக மொழிபெயர்த்தாள்: "இவர் எங்க மாமா. முப்பத்துநாலு வருஷம் சுவர் வேலை பார்த்தவர். அவர் ஓதம்னு சொன்னா ஓதம்தான். படத்தைத் தொட மாட்டார், நான் எழுதித் தர்றேன்." எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. பிறகு ஒரு பொறியாளர் வந்து கருவியைச் சுவரில் வைத்தார், அது நான் சொன்னதையே சொன்னது. படத்தைக் கழற்றினார்கள், குழாயை அடைத்தார்கள், அதிகாரி என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். விமான நிலையம் போகும் வழியில் மாப்பிள்ளை நாலு தடவை மாமா என்றார், அதில் மூன்று தடவை விஷயமே இல்லாமல்.

நடந்தது இவ்வளவே. ஞாயிறன்று என் மகள் என்ன நடித்துக் காட்டினாலும், நான் சுவரை மட்டும்தான் தொட்டேன், படத்தின் மேல் என் நகம்கூடப் படவில்லை என்பதைத் தாங்கள் சம்பந்தியம்மாளுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். தங்கள் முழங்கால் சீக்கிரம் படியேறி இறங்க எல்லா நன்மையும் கூடிவரட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் என் மனைவி, துவைக்கப் போட்ட சட்டையின் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து வந்து நீட்டினாள். கட்டைவிரல் நகம் அளவு. அந்தச் சுவர் வெள்ளை, சம்பந்தி. இந்தச் சில்லு நீலம். உரிந்த பெயிண்டைக் கண்டால் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்வது, அதே நிறம் கலக்க மாதிரி வேண்டுமே என்று, எங்கள் தொழிலில் கை தானாகச் செய்கிற காரியம். எப்போது செய்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. படத்தின் கீழோரத்தில் ஈரத்தால் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது என்று அந்தப் பொறியாளர் வருத்தப்பட்டதும், நானும் கூடச் சேர்ந்து உச்சுக்கொட்டியதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளை சில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தான் போட்ட கையெழுத்தையும் நினைத்திருப்பார். கடைசியில், "மாமா, இது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும். எங்க அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது" என்றார். நானும் சரி மாப்பிள்ளை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.