கார்டு சூடேறாத முள்ளம்பன்றி

ஒரு காட்டில் அஞ்சுகம் என்றொரு முள்ளம்பன்றி கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்து வந்தது. முள்ளம்பன்றிக்கு எதற்குக் கிளியின் பெயர் என்று கேட்காதீர்கள். பெற்றவர்களின் ஆசை, நாம் யார் குறுக்கே நிற்க?

அந்தக் காட்டில் வெறுமனே வீடியோ எடுத்தால் மதிப்பில்லை. மாப்பிள்ளை நடந்து வரும்போதே பெரிய திரையில் அவர் தலைமேல் ரோஜா கொட்ட வேண்டும். பெண் சிரித்தால் ஜோடி அன்னம் பறக்க வேண்டும். இதையெல்லாம் உடனுக்குடன் வரைந்து தள்ளுவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. அஞ்சுகத்திடம் இருந்தது உயர்ந்த ரகம்தான். ஆனாலும் யானை வீட்டுக் கல்யாணம் என்றால் அதற்கே மூச்சு வாங்கும். முகங்கள் அத்தனை பெரிசு.

யானைத் தலைவர் பெரியதம்பி தன் மூத்த மகள் கல்யாணத்தில் பெண் வீட்டுத் திரையை அஞ்சுகத்திடமும், மாப்பிள்ளை வீட்டுத் திரையை மாசிலாமணி என்ற கரடியிடமும் ஒப்படைத்தார்.

"யாரு நல்லா செய்யறாங்களோ, அவங்களுக்கு மலைமேல இருக்கற குகை" என்றார்.

 அஞ்சுகத்தின் வளை ஆற்றங்கரையில் இருந்தது. போன மழைக்கு உள்ளே வெள்ளம் புகுந்துவிட்டது. குட்டிகளை முதுகில் ஏற்றவும் வழியில்லாத உடம்பு. வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அடுத்த மழைக்குள் அந்தக் குகை கிடைத்தே தீர வேண்டும்.

எனவே கார்டை ஓவர்கிளாக் செய்யத் துணிந்தது. அதாவது, செய்தவன் வைத்த வேகத்துக்கும் மேலே ஓட்டுவது. பேராசையில்லை, பயத்தோடுதான் செய்தது. வேகத்தைக் கொஞ்சம் ஏற்றும். யானைக் கூட்டம் ஆற்றில் குளிக்கும் காட்சியை விடாமல் ஓடவிட்டுச் சூட்டைப் பார்க்கும். திரையில் புள்ளி தெறிக்கிறதா, படம் உறைகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கும். தெறித்தால் ஒரு படி இறங்கும். வெயில் நாள் என்று ஒன்று இருக்கிறதே என்று இன்னொரு படியும் இறங்கும். தூசியைத் துடைத்தது, ஃபேனை முன்கூட்டியே வேகமாகச் சுழல வைத்தது, தன் முள் எதுவும் அதில் சிக்காமல் வலையும் கட்டியது.

மாசிலாமணியோ எல்லா அளவையும் கடைசிவரை ஏற்றிவிட்டது. ஃபேன் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று அதன் வேகத்தைக் குறைத்து, கம்ப்யூட்டர் பெட்டிமேல் பட்டுத்துணி போர்த்தியது.

"அண்ணே, பெட்டி கொதிக்குதே!" என்றது அஞ்சுகம்.

"கொதிக்கட்டும் தங்கச்சி. அப்பத்தானே உள்ள ஏதோ நடக்குதுன்னு தெரியும்?"

கல்யாண நாள் வந்தது. அஞ்சுகத்தின் திரையில் ரோஜா கொட்டியது, அன்னம் பறந்தது, ஒரு இடத்திலும் படம் தயங்கவில்லை. ஆனால் மேடையில் வேறு தகராறு. மாலை மாற்றும்போது தன் முகம் வீடியோவில் விழவில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா மறுபடி மாற்றச் சொன்னாள். மாற்றினார்கள். தும்பிக்கை மறைத்துவிட்டதாம், இன்னொரு தடவை என்றாள். முகூர்த்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. புரோகிதக் கொக்கு செல்போனில் நேரம் பார்த்துப் பார்த்துக் கழுத்தை நீட்டியது.

அப்போது மாசிலாமணியின் பெட்டி "டப்!" என்று வெடித்தது.

சுப காரியத்தில் வேண்டாத சத்தம் காதில் விழக்கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம். யாராவது தும்மினால்கூட மேளத்தால் அமுக்கிவிடுவார்கள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று அலறினார் பெரியதம்பி.

மேளக்கார மரங்கொத்திகள் வெளுத்துக் கட்டின. கெட்டிமேளம் கேட்ட மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டிவிட்டார். பெட்டியிலிருந்து கிளம்பிய புகையைச் சாம்பிராணி என்று நினைத்துப் பெண்டுகள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"நல்லவேளை! இன்னும் கொஞ்சம் போயிருந்தா ராகுகாலம் பொறந்திருக்கும்" என்றது கொக்கு.

கரிந்துபோன கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மாசிலாமணி விழித்தது. பெரியதம்பி கரடியைக் கட்டிக்கொண்டார்.

"கார்டையே பலி கொடுத்து முகூர்த்தத்தைக் காப்பாத்திட்டியே! குகை உனக்குத்தான்."

அஞ்சுகத்துக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

"ஐயா, என் திரை ஒரு இடத்துலகூட நிக்கலையே."

"அதைத்தாம்மா கேக்கறேன். அது பாட்டுக்கு ஓடுச்சு, நீ என்ன செஞ்சே?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல். "சரி, மனசு விடாதே. ஆவணியில சின்னவ கல்யாணம். மலைமேல இன்னொரு குகை இருக்கு. அப்பவாவது கொஞ்சம் உழைப்பைக் காட்டு."

வளைக்குத் திரும்பும் வழியெல்லாம் அஞ்சுகம் அந்தச் சொல்லையே மென்றது. உழை என்று அவர் சொல்லவில்லை. காட்டு என்றார்.

மறுநாளே வேலையைத் தொடங்கியது. முதலில் ஊசிவெடி, அது யானைக் காதுக்கு எட்டவில்லை. கொஞ்சம் ஏற்றிக் குருவிவெடி. பக்கத்து முயல் மட்டும் திரும்பிப் பார்த்தது. இன்னும் ஏற்றி அணுகுண்டு. சுவரில் விரிசல் விட்டது. ஒரு படி இறங்கி லட்சுமி வெடியில் நிறுத்தியது. திரும்பத் திரும்ப வெடித்துப் பார்த்து, சத்தம் நிலையாக வருகிறது என்று உறுதி செய்துகொண்டது.

ஆவணியில் முகூர்த்தம் நெருங்கியதும், கார்டுக்குச் சூடு படாத தூரத்தில், பெட்டிக்குப் பின்னால் திரியைப் பற்றவைத்தது. "டப்!" கூடவே அசல் சாம்பிராணி. அஞ்சுகம் திரையை அணைத்துவிட்டு, ஓவென்று அழுதபடி பெட்டிமேல் சாய்ந்தது.

மேளம் முழங்கியது. தாலி ஏறியது. பெரியதம்பி தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உயிரைக் கொடுத்து உழைச்சிருக்கியேம்மா! இந்தா, குகை."

துக்கம் விசாரிக்க மாசிலாமணி வந்தது.

"கார்டு போச்சா தங்கச்சி?"

"போச்சுண்ணே" என்று விம்மியது அஞ்சுகம். அதன் வயிற்றுக்குக் கீழே, பெட்டிக்குள், ஃபேன் சீராகச் சுழன்றுகொண்டிருந்தது.

நீதி: கார்டு சூடேறாமல் பார்த்துக்கொள்வது அறிவு; அது வெடித்துவிட்டதென்று ஊரை நம்பவைப்பது பிழைப்பு.