பேச்சியம்மாளுக்காகத் தாழ்த்திய லாரி

செடெனாக்,
9.6.1936, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ராஜம்மாவுக்கு, உன் அப்பா சின்னத்தம்பி நிறைந்த ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா பேச்சியம்மாள், அவளுடைய வலது முழங்கால் ஆகிய மூவரும் சௌக்கியம். மூன்றாவது சொல்வதைக் கேட்டு முதல் இருவரும் நடந்துகொள்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் நலமாயிருக்க வேண்டும்.

உனக்கு எட்டு வயதில், இப்போது உன் புகுந்த ஊராகிவிட்ட பொந்தியானின் படகுத்துறையில் என்னை ஒரு கேள்வி கேட்டாய். காலையில் துறையிலிருந்து படகுக்குப் போட்ட பலகை சரியாக எட்டியது. மத்தியானம் அதே படகு, அதே பலகை, எட்டவில்லை. "அப்பா, பலகைய யாரு வெட்டுனா?" என்றாய். யாரும் வெட்டவில்லையம்மா, கடல் வடிந்து படகு தாழ்ந்துவிட்டது. சரிவு கூடினால் நீளப் பலகை வேண்டும், சரிவு குறைந்தால் குட்டைப் பலகை போதும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டினேன். நீ புரிந்துகொண்டாய். முப்பது வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன நான்தான் மறந்துபோனேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில், அம்மா வராமல் கை நீட்டமாட்டேன் என்று நீ உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. உன் கடிதத்தில் "அம்மா ஏன் வரல?" என்ற இடத்தில் மை கலைந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடைக்காரர் சதாசிவம் தம்முடைய சின்ன லாரியைத் தருவதாகச் சொன்னாரா, உன் அம்மா போய்ப் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தாளா, "எட்டல" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாளா, எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவளுக்கு லாரி எட்டாவிட்டால் லாரியைக் கீழே கொண்டுவருவோம் என்று நேரே பட்டறைக்கு ஓடினேன். பட்டறைக்காரர் சுப்ஹான் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு சாண் எறக்கலாம் வாத்தியாரே. ஸ்பிரிங்குல ரெண்டு பட்டைய உருவிட்டு வளைவைத் தட்டிட்டா போதும். ஆனா ஷாப்டு நீளமாப் போயிடும் லா" என்றார். ஷாப்ட் என்பது கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. "இரும்பு வெயில்ல நீளும், எறக்கினா நீளுமா?" என்று சிரித்தேன். வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை நான் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

அவர் சொன்னதுதான் சரி. கியர் பெட்டி துறை, பின் அச்சு படகு, தண்டு பலகை. லாரியின் உடம்பை இறக்கியதும் சரிவு குறைந்தது, பழைய தண்டு மிஞ்சிப்போனது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் அதன் முனை கியர் பெட்டியை இடித்தது. சரி, வெட்டுவோம் என்றேன். "காலியா ஒரு தடவ அளக்கணும், ஆள ஏத்தி ஒரு தடவ அளக்கணும்" என்றார் சுப்ஹான். "வளைகாப்புக்குக் காலி லாரியா போகும்?" என்று மடக்கிவிட்டு, தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்றி உட்கார வைத்து, அந்த அளவுக்கே வெட்டச் சொன்னேன். "அலமாக்! உங்க இஷ்டம் வாத்தியாரே" என்று மலாய்க்காரர்போல அலுத்துக்கொண்டே வெட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா யார் கையையும் பிடிக்காமல் லாரியில் ஏறினாள். அதைப் பார்க்க நீ இல்லையே என்றிருந்தது. தோட்டத்து எல்லையில் முனியாண்டி சாமி. வழக்கம் உனக்குத் தெரியும், எல்லாரும் இறங்கிக் கும்பிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வெறும் லாரியை அதன்மேல் ஓட்ட வேண்டும். பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். பட்டை உருவிய ஸ்பிரிங் அல்லவா, பாரம் போனதும் லாரி விசுக்கென்று எழும்பியது. கடல் வடிந்துவிட்டது ராஜம்மா! டிரைவர் அய்யாவு வண்டியை நகர்த்தினான், தண்டின் நுனி, அது செருகியிருந்த உறையிலிருந்து உருவிக்கொண்டு தரையில் விழுந்தது. பழம் நசுங்கக்கூட இல்லை. "அண்ணே, லாரிக்குக் குடல் விழுந்துருச்சு!" என்று இறங்கி நின்றவர்களில் வெள்ளையம்மா கத்தினாள். "வாத்தியாரு முனியாண்டிக்குப் போட்ட காணிக்கை" என்றான் அய்யாவு.

சுப்ஹான் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நல்ல நேரமும் போய்விட்டது. உனக்கென்று கட்டிய ஏழு வகைச் சோற்றையும் ரப்பர் மரத்தடியில் நின்றபடியே எல்லாரும் தின்றார்கள். உன் அம்மா மட்டும் வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் தொடவில்லை. "எல்லாம் என்னாலதான்" என்றாள். அந்தச் சொல்தான் இன்னும் என்னைக் குத்துகிறது.

இப்போது வேறு தண்டு போட்டாயிற்று. காலியாகவும் அளந்தோம், பாரத்தோடும் அளந்தோம். இரண்டிலும் நுனி உறைக்குள் நன்றாகப் பிடித்து நிற்கிறது. ஏழாம் மாதம் முடியுமுன் இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது. அன்றைக்கு இறக்கிய லாரியிலேயே வருகிறோம். சம்பந்தி அம்மாளிடம் என் வணக்கத்தையும் மன்னிப்பையும் சொல். உன் இரண்டு கைகளும் வளையலால் நிறைய, நீ சுகமாகப் பெற்றுப் பிழைக்க என் ஆசிகள்.

உன் அப்பா,
சின்னத்தம்பி

பி.கு.: எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எட்டலன்னுதானே சொன்னேன், ஏற மாட்டேன்னு சொன்னேனா? முக்காலி எடுக்கத்தான் அடுப்பங்கரைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தா ஆளைக் காணோம்" என்கிறாள். பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "எனக்காக லாரியவே வெட்டுறீங்கன்னு ஊரே பேசிச்சு. உங்க மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். எப்படிங்க சொல்லுவேன்?" என்றாள். உடனே முக்காலியைத் தூக்கிப்போய், சதாசிவத்தின் கடை முன்னால் நின்ற பெரிய அரிசி லாரியில், இறக்காத லாரியில், ஏறி உட்கார்ந்தும் காட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அதிலேயே வருகிறோம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: அம்மா இறங்குவதற்கு வாசலில் ஒரு முக்காலி போட்டு, அது ஆடாமல் நிற்கிறதா என்று மாப்பிள்ளையை ஏறிப் பார்க்கச் சொல். நீ ஏறாதே.