கிளி வண்டியும் கண்ணு தெரிந்த நானும்

கண் இருக்கிறவனுக்கெல்லாம் வழி தெரியும் என்று நம்புவது மாதிரி மடத்தனம் வேறில்லை. சாட்சிக்கு நானே இருக்கேன்.

கேரளத்து மலையில், வண்டிப்பெரியாரில் தமிழ் மீடியம் படித்தவன் நான். மலையாளம் சரளமாகப் பேசுவேன், அதைவிடச் சரளமாகத் திட்டுவேன், படிக்கத்தான் வராது. பஸ் போர்டோ முழுக்க மலையாளம். அதனால் தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் போர்டைப் பார்ப்பதில்லை, வண்டியின் முகத்தைப் பார்ப்போம். கண்ணாடியில் கிளிப் படம் ஒட்டியிருந்தால் உடும்பஞ்சோலை. அவ்வளவுதான்.

அன்று என் மாமாவுக்குப் பெண் பார்க்க உடும்பஞ்சோலை போகணும். மாமாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கோட்டயம் வரை தனியாகப் போய்வருகிற மனுஷன்தான். இருந்தாலும் பெண் வீட்டுக்கு ஒத்தையாகப் போகக் கூடாதென்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். மூன்று வரன் தட்டிப்போய், நாலாவதாக வந்த இடம். பதினொரு மணிக்கு அங்கே இருக்கணும்.

ஸ்டாண்டில் கிளி நின்றது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார் மாமா. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ணு தெரியுற நான் இருக்கேன்ல. பேசாம ஏறுங்க மாமா."

வண்டி கிளம்பும் முன்பே கண்டக்டர் வந்தார். "லாஸ்ட் ஸ்டாப் ரெண்டு" என்று ஸ்டைலாக நோட்டை நீட்டினேன் (வாயைத் திறந்து ஊர்ப் பேரைச் சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும்). அப்புறம் தூங்கிவிட்டேன். நடுவில் மாமா உலுக்கி, காது அடைக்குது, வண்டி இறங்கிக்கிட்டே இருக்கு என்றார். மலை ரோடுன்னா அப்படித்தான் என்று விளக்கம் கொடுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடினேன்.

அடுத்த உலுக்கல் பலமாக இருந்தது. "உடும்பஞ்சோலைன்னா ஏலக்கா வாசம் வரணும்லடே? ரப்பர் வாசம்லா அடிக்குது."

வெளியே பார்த்தேன். முண்டக்கயம், மலையடிவாரத்து ரப்பர் ஊர். கிழக்கே போகவேண்டியவர்கள் மேற்கே மலையிறங்கி வந்திருந்தோம். ஒரே முதலாளி ரெண்டு வண்டிக்குக் கிளி ஒட்டுவான் என்று நான் கனவா கண்டேன்?

இறங்கியதும் மாமா பெண் வீட்டுக்குப் போன் போட்டு, வண்டி மாறி ஏறிட்டோம் என்றார். பெண்ணின் அண்ணன், இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லலாமே என்று போனை வைத்துவிட்டார். மாமா முகம் செத்துப்போச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர், நேர்லயே போய்ச் சொல்லிருவோம்டே என்று கம்பைத் தட்டியபடி நடந்து, மூன்று பேரிடம் விசாரித்து, என் கையைப் பிடித்து (ஆமாம், என் கையைத்தான்) சரியான பஸ்ஸில் ஏற்றினார்.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வடை ஆறிப்போயிருந்தது, அண்ணன் மட்டும் ஆறவில்லை. மாமா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கதவோரம் நின்ற பெண் வாய்விட்டுச் சிரித்தது.

"வழி கேக்கத் தெரிஞ்ச ஆம்பளைய இப்பத்தான் பாக்கேன். எனக்குச் சம்மதம்ணே."

அந்தப் பெண் எனக்கு அத்தையாகி ஆறு வருஷம் ஆச்சு. இன்றைக்கும் நான் பையைத் தோளில் மாட்டினால் போதும், அடுப்படியிலிருந்து மாமாவுக்குக் குரல் போகும்: "ஏங்க, கண்ணு தெரியுறவன் தனியாப் போறான். பஸ் ஏத்தி விட்டுட்டு வாங்க."

மாமாவும் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.