சிறுத்தைக்கும் வந்த அபாயச் செய்தி

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டின் மேல் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே இரண்டாம் வகுப்புக்குச் செண்பகவல்லி என்ற முயல் டீச்சராக இருந்தாள். அதிர்ந்து பேசத் தெரியாதவள். தலைமையாசிரியர் அலங்காரசாமி ஒரு மயில். எதையாவது திறந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு.

அந்த வருஷம் அவர் திறந்து வைத்தது அபாய அறிவிப்புக் கருவி. டீச்சர்களின் கழுத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று தொங்கும். அமுக்கினால் கூரைமேல் சைரன் அலறும். பிள்ளைகள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று டீச்சர் போனில் டைப் செய்தால், அது எல்லாப் பெற்றோரின் போனுக்கும் போகும். டீச்சர் தாமதித்தால் கருவியே இடத்தைக் கண்டுபிடித்து அனுப்பிவிடும்.

பெற்றோர் கூட்டத்தில் செண்பகவல்லி கை தூக்கினாள்.

"சார், எல்லாப் பெற்றோருக்குமா போகும்?"

"ஒருத்தர் விடாம. எல்லாம் வெளிப்படையா இருக்கணும்மா."

"சிறுத்தை வீரபாகு சாருக்கும்?"

கூட்டம் சலசலத்தது. வீரபாகுவின் மகன் மூன்றாம் வகுப்பில் படித்தான். அப்பாக்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் என்னைத் தப்பா நினைச்சுட்டாங்க போலிருக்கு," என்றார் மனம் நொந்த குரலில். "நானும் ஒரு தகப்பன்தானே?"

மான்களுக்கே கண் கலங்கிவிட்டது. "மன்னிப்புக் கேளுங்கம்மா," என்றார் அலங்காரசாமி. செண்பகவல்லி கேட்டாள்.

ஒரு மத்தியானம், மற்ற வகுப்புகளெல்லாம் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போயிருந்தன. வீரபாகுவின் மகனும் போயிருந்தான். இரண்டாம் வகுப்பு மட்டும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது வீரபாகு வந்தார். வாட்ச்மேன் ஆமை அவருடைய பெற்றோர் அட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு சல்யூட்டும் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டது.

செண்பகவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டீச்சரைப் பார்க்க வருகிற எந்தப் பெற்றோரும் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

சத்தம் போடாமல் பிள்ளைகளைப் பின்பக்கம் கூட்டிப் போய், விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பொத்தானை அமுக்கினாள். சைரன் அலறியது. 'பிள்ளைகள் இருக்கும் இடம்?' என்று கருவி கேட்டது.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். வீரபாகு வராந்தாவில் நின்று, அவசரமே இல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலைய வேண்டிய அவசியம் அவருக்கு என்ன?

அவள் 'விளையாட்டு மைதானம், மாமரத்தடி' என்று டைப் செய்தாள்.

"டீச்சர், பொய் சொல்லக் கூடாதுன்னு நேத்துதானே சொன்னீங்க?" என்று கிசுகிசுத்தது ஒரு பன்றிக்குட்டி.

"அது நேத்துப் பாடம். இன்னிக்குப் பாடம் வேற. வாயை மூடு."

வீரபாகுவின் போன் டிங் என்றது. படித்தார். நன்றி சொல்லி ஒரு கட்டை விரலும் அனுப்பிவிட்டு மைதானத்தைப் பார்த்து ஓடினார்.

மாமரத்தடியில் அலங்காரசாமி தோகையை விரித்து, சைரனையே பின்னணி இசையாக்கி, பாதுகாப்பு விருதுக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கும்..." என்று ஆரம்பித்தபோது வீரபாகு பாய்ந்தார். மயில் மரத்துக்குப் பறந்துவிட்டது. தோகை மட்டும் அவரோடு போகவில்லை. வாய் நிறைய இறகோடு சிறுத்தை இருமிக்கொண்டு நிற்க, செய்தி பார்த்த யானைகள் பிளிறிக்கொண்டு வந்தன. வீரபாகு வேலியைத் தாண்டி ஓடிப்போனார். பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

தலைமையாசிரியர் மைதானத்தில் இருந்தது டீச்சருக்குத் தெரியுமா என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவள் வாய்ப்பாட்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் வீரபாகுதான் முதலில் எழுந்தார். "பள்ளிக்கூடம் அனுப்பின செய்தியை நம்பிப் போனேன். ஒரு பெற்றோரையே இப்படி ஏமாத்தினா, நாளைக்கு எந்தச் செய்தியை நம்பறது?"

"நியாயம்தானே," என்றன மான்கள். "இன்னிக்கு அவருக்கு நடந்தது நாளைக்கு நமக்கும் நடக்கும்."

"என் பிள்ளை உயிரோட இருக்குங்க!" என்று கத்தினாள் பன்றிக்குட்டியின் அம்மா.

"அதைப் பத்தி இன்னிக்குப் பேச நேரமில்லம்மா," என்றார் அலங்காரசாமி, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றபடி.

பொய்த் தகவல் பரப்பியதற்காகச் செண்பகவல்லியை வேலையைவிட்டு நீக்கினார்கள். இனிமேல் கருவி டீச்சர்களைக் கேட்காது, பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் தானே அனுப்பும் என்று முடிவானது. தீர்மானத்தை வீரபாகு வழிமொழிந்தார். பலத்த கைதட்டல்.

செண்பகவல்லி பையை எடுத்துக்கொண்டு தன் வளைக்குப் போனாள். பன்றிக்குட்டியின் அம்மா பின்னாலேயே வந்து, "டியூஷன் எடுப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"எடுப்பேன். ஆனா நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் சொல்லாதீங்க."

நீதி: பிள்ளைகளைக் காப்பாற்றுவது குற்றமில்லை, அட்டை வைத்திருக்கும் சிறுத்தையை ஏமாற்றிக் காப்பாற்றுவதுதான் குற்றம்.