இரு கரையும் கை தூக்கிய நாள்

ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடந்த வெண்கோட்டை நகரத்தில் குடிகள் வேலைக்குப் போவதும் வருவதும் அரண்மனைக் குதிரைவண்டிகளில்தான். வண்டிக்கு இருபது பேர் இடித்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த நகரத்துக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்து சேர்ந்தது.

"கூட்டத்தில்தான் காய்ச்சல் பரவுகிறது. இனி வண்டிக்கு ஒருவர்!" என்று அறிவித்தார் போக்குவரத்து அமைச்சர்.

மேற்குக் கரைப் பூவராகன் அதை நியாயம் என்றே நினைத்தார். கிழக்குக் கரையில், புகுந்த வீட்டில், அவர் மகள் அமுதவல்லி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரக் காத்திருந்தாள். தகப்பனே நேரில் போய் அழைத்துவருவது அந்தக் குடும்பத்தில் தவறாத முறை. தவறினால் சம்பந்தி வாசலில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது.

வண்டிக்கு ஒருவர் என்றதும் நிறுத்தங்களில் கூட்டம் நெரிந்தது. நிறுத்தத்தில் நிற்கவே தடை வந்தது. வண்டிகள் காலியாக ஓடின. "மக்களுக்குப் பயணமே பிடிக்கவில்லை" என்று வருந்திய அமைச்சர், அவற்றைக் கொட்டகையில் பூட்டினார். பூவராகன் நடந்தே கிளம்பினார். பாலத்தில் காவலன் மறித்தான்.

"எங்கே, பெரியவரே?"

"மகளைக் கூட்டிவர. மாசம் நெருங்கிடுச்சு."

"பாலத்தில் நடக்க அனுமதி இல்லை. வண்டியில் போங்கள்."

"வண்டிதான் ஓடலையேப்பா!"

"ஓடவில்லை என்று தெரிந்தும் ஏன் கிளம்பினீர்கள்?"

ஒருநாள் காலை, கேட்காமலேயே வண்டிகள் தெருவுக்குள் வந்தன. மன்னர் காய்ச்சலை வென்ற விழாவாம். சேவகர்கள் வீடு வீடாக ஆட்களை இழுத்து ஏற்றினார்கள்; இடமில்லாதவர்கள் படியில் தொங்கினார்கள்.

"காய்ச்சல் ஒட்டிக்காதா?" என்றார் பூவராகன்.

"மன்னரைப் பார்க்கப் போறவங்களுக்கு ஒட்டாதுய்யா. உள்ளே தள்ளுங்க!"

மைதானத்தில் இரு கரை மக்களையும் ஒரு கயிறு பிரித்தது. அந்தப் பக்கம், நெரிசலில், நிறைமாத வயிற்றோடு வியர்த்து நின்றாள் அமுதவல்லி. பூவராகன் கயிற்றருகே முண்டியடித்தார். பிள்ளைத்தாய்ச்சியைக்கூடவா விடவில்லை?

"அமுதா! அப்பா இங்கே!" இரு கைகளையும் உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். பல வாரம் கழித்து உறவைக் கண்ட மைதானமே பெயர் சொல்லிக் கூவிக் கையசைத்தது. மேடையிலிருந்து அமைச்சர் என்ன கேட்டார் என்பது யார் காதிலும் விழவில்லை.

அமைச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "வண்டியும் பாலமும் இனி வேண்டாம் என்போர் கை தூக்கலாம் என்றேன். ஒரு கைகூடக் கீழே இல்லை!"

ஆணை அந்தக் கணமே அமலானது. வண்டிகள் கொட்டகைக்குத் திரும்பின. கயிற்றுக்கு அப்பால் அமுதவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பூவராகனின் கைகள் இறங்க மறந்து அப்படியே நின்றன.

"இரண்டையும் எண்ணிக்கொண்டோம், பெரியவரே," என்றான் காவலன் மரியாதையாக. "இறக்கலாம்."