சத்தம் நின்றுபோன தையல் கூடம்

தையல் கூடத்தில் யாரும் பேசவில்லை. அதுதான் மேனேஜரைப் பயமுறுத்தியது.

பேசாமல் தைக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியே பதவி உயர்வு வாங்கியவர் அவர். இப்போது மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. போன வருடம் இன்னொரு கிளையிலும் இப்படித்தான் பெண்கள் முதலில் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு வேலையை நிறுத்தினார்கள். அந்த மேனேஜர் இப்போது வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை முதலாளி இங்கே வருகிறார்.

காலர் தைக்கும் அக்காவிடம் போனார். கூடத்திலேயே பெரிய வாய் அவளுடையது.

"ஏதாவது குறை இருந்தா எங்கிட்ட சொல்லும்மா."

அக்கா வாயைத் திறந்தாள். எல்லா மெஷின்களும் நின்றன. எல்லாக் கண்களும் அவள் உதட்டையே பார்த்தன. எச்சிலை விழுங்கிவிட்டு, "நோ சார்" என்றாள்.

பதில் சொல்லிக்கொடுக்க வக்கீல் வைத்துவிட்டார்கள் என்று மேனேஜர் முடிவு கட்டினார்.

ஓடாமல் கிடந்த மின்விசிறிகளை அன்றைக்கே ஓட வைத்தார். கூடமே ஒரே குரலில் "தேங்க் யூ சார்" என்றது. இவ்வளவு ஒற்றுமை சங்கம் இல்லாமல் வருமா?

மறுநாள் பட்டன் தைப்பவள் விரலில் ஊசி ஏறி, "ஐயோ, செத்தேன்" என்று அலறினாள். மதியம் பார்த்தால், அவள் ஒருத்தியே குழாயடியில் உட்கார்ந்து எல்லோருடைய டிபன் டப்பாவையும் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டுப்பாட்டை மீறியதற்குத் தண்டனை! மேனேஜர் அருகில் போய், பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன் என்று ரகசியமாகத் தைரியம் சொன்னார். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

மாலையில் பிஸ்கட்டோடு டீ கொடுத்தார். பிஸ்கட்டைக்கூடச் சத்தமில்லாமல் தின்றார்கள். ஓவர்டைம் கட்டாயமில்லை என்று அறிவித்தார். மணி அடித்ததும் அத்தனை பேரும் கூட்டமாகக் கிளம்பி, காலர் அக்காவைச் சுற்றி எதிர்க் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கூட்டம் போட நாமே நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முதலாளி கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அசந்து நின்றார்.

"கோயில் மாதிரி இருக்கு. எப்படிய்யா சாதிச்சே?"

மேனேஜருக்குத் தாங்கவில்லை. "ஸ்ட்ரைக் பண்ணப் போறாங்க சார். என்னை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."

"என்ன கேக்கறாங்க?"

"அதைத்தான் சார் சொல்ல மாட்டேங்கறாங்க. ஃபேன், டீ, பிஸ்கட், எல்லாம் நானா கொடுத்தது."

டீ கொண்டுவந்த அம்மாள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மெஷின் இல்லாதவள் என்பதால் அவள் எந்தக் கட்டுப்பாட்டிலும் இல்லை.

"ஸ்ட்ரைக்காவது ஒண்ணாவது. எல்லாரும் இங்கிலீஷ் கிளாஸ் போக வசதி ஏது சார்? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் காலர்க்காரியை மட்டும் சேர்த்துவிட்டிருக்காங்க, அவ படிச்சுட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்லித் தர்றா. கம்பெனிக்குள்ள இங்கிலீஷ்தான் பேசணும், மீறினா அன்னிக்கு எல்லார் டப்பாவையும் கழுவணும். பாவம், இதுவரைக்கும் நடந்ததே ரெண்டு பாடம், அதை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் பேசுவாங்க?"